நோகச் செய்வதும் அன்பாகுமா?

பிறர்க்கு நோவு தருதல் தீது; நோவைத் தவிர்த்தல் நன்று. ஒழுக்கம் முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிவிட்டதென நம்மில் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் இவ்வளவுகோல் பிழைபடுவதும் இல்லை. ஆயினும் இது பிழைபடும் இடம் ஒன்றுண்டு. அவ்விடம் போர்க்களமன்று, நீதிமன்றமுமன்று; முதியோர் இல்லத்தில் ஒரு கட்டிலின் அருகே அது உள்ளது.

கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவர், ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை முடிந்து சில நாட்களில் இல்லத்திற்குத் திரும்புகிறார். காலை அசைத்தால் வலிக்கிறது. "என்னைத் தொடாதீர்கள், இப்படியே கிடக்க விடுங்கள்" என்கிறார். பணிப்பெண் என் செய்வாள்? அவர் சொற்படி விட்டுவிட்டால் அன்று நோவில்லை. இரு திங்களில் கால் மடங்காது, நீளாது, நிற்காது. அவரை எழுப்பி அசைக்க முயன்றாலோ, அழுகுரல் கேட்கிறது. விட்டுவிடுதல் கருணையா? எழுப்புதல் வன்முறையா? அன்பர்களே, இன்று நாம் ஆராயப் புகும் வினா இதுவே.

முதலில் ஒரு தெளிவு. நம் நாட்டில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் ஆஸ்பத்திரியைக் குறிப்பது வழக்கம். மேனாடுகளில் அச்சொல் முதியோர் நெடுங்காலம் தங்கிப் பராமரிக்கப்படும் இல்லத்தைக் குறிக்கும். நாம் பேசுவது பின்னதைப் பற்றியே. 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் எனக் காணப்பட்டது. பிள்ளைகள் வேலை தேடித் தொலைவூர் செல்லும் இக்காலத்தில், இவ்வில்லங்களின் கட்டில்கள் நமக்கு அயலானவை அல்ல. இன்று நாம் பார்க்கச் செல்லும் கட்டிலில் நாளை நாமே கிடக்கக்கூடும்.

நன்மை தீமை பேசுமுன் உண்மை அறிதல் வேண்டும். அறியாதவன் கருணை, கண் கட்டியவன் கையிலுள்ள விளக்கு. ஆகவே மூட்டின் இயல்பைச் சிறிது காண்போம்.

எலும்பும் எலும்பும் கூடும் முனைகளில் குருத்தெலும்பு வழுவழுப்பாகப் படர்ந்திருக்கிறது. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. பின் அதற்கு உணவு எங்ஙனம் சேர்கிறது? மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே சேர்கிறது. மூட்டு அழுந்தித் தளரும்போது, பஞ்சினுள் நீர் புகுந்து வெளிவருவதுபோல் அந்நீர் குருத்தெலும்பினுட் சென்று மீள்கிறது. அசைவு நின்றால் இவ்வூட்டமும் குன்றுகிறது. மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்குகிறது. தசைநார்கள் எந்த நீளத்தில் கிடக்கின்றனவோ அந்த நீளத்திற்கே குறுகிவிடுகின்றன. அறுவையால் உண்டான தழும்புத் திசு, அசையாத மூட்டில் கட்டுக்கயிறுபோல் இறுகுகிறது. தசையும் கரைகிறது. உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்தே நாட்கள் படுக்கையில் இருத்தி அமெரிக்காவில் நிகழ்த்திய ஆராய்ச்சி ஒன்று 2007இல் வெளியாயிற்று. அவர்கள் கால்களின் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது. நோயற்றோர்க்கே இவ்வாறெனில், அறுவையுண்டவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நூற்பாலையில் கால் நூற்றாண்டு உழைத்தவன் யான். இயந்திரம் ஓடினால் தேயும். நிறுத்தி வைத்தால் தேய்மானம் இல்லை. கதிர் நின்ற நாளில் அது ஒரு மயிரிழையும் குறைவதில்லை. ஆதலின் தொழிலாளராகிய நாம் உடலையும் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். "இத்தனை காலம் ஓடிய உடம்பு, இனியாவது கிடக்கட்டும்" என்கிறோம். உடல் அதற்கு மாறானது. ஓடாவிட்டால் தேய்வது உடல். ஓய்வைக் காணாதவர் ஓய்வையே பெரும் பரிசாகக் கருதுதல் இயல்பு. எனினும், முதுமையில் அப்பரிசை அளவின்றித் தருவோர் நஞ்சையும் உடன் தருகின்றனர்.

மருத்துவ உலகமும் இதனை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. ஆங்கில நாட்டின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) என்னும் எலும்பு வைத்தியர், நோயுற்ற மூட்டிற்கு இடையறாத நீண்ட ஓய்வே மருந்தென வற்புறுத்தினார். அதே காலத்தில் பாரிஸ் நகரில் லூக்கா ஷாம்பியோனியேர் (1843–1913) என்னும் அறுவை வைத்தியர், முறிந்த எலும்பையுடையவர்க்கும் பிடித்துவிடுதலும் விரைவில் அசைத்தலும் வேண்டுமென வாதிட்டார். இருவரும் நோயாளர்பால் பரிவுடையோரே. மூட்டில் காசநோய் பரவியிருந்த அந்நாளில் தாமஸ் கூறிய ஓய்வு பலரைக் காத்தது. ஆயின் ஒரு நோய்க்கு உரிய மருந்து எல்லா நோய்க்கும் விதியாயிற்று. அங்கேதான் தீங்கு விளைந்தது. 1947இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர், படுக்கையில் கிடத்தலின் அபாயங்களைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். படுக்கை எல்லா உறுப்பையும் கெடுக்கும் என்பது அதன் சாரம். 2011இல் பிரிட்டனில் வகுத்த மருத்துவ நெறிமுறை, இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவரை, மருத்துவக் காரணம் தடுத்தாலன்றி, மறுநாளே எழுப்பி நடத்த முயலவேண்டும் என்கிறது.

இனித் தலையணைக்கு வருவோம். முழங்காலில் அறுவை நிகழ்ந்தவர்க்கு முட்டியின் கீழ் ஒரு தலையணை வைத்தால் மிக்க சுகம். முட்டி சற்று மடங்கி நிற்பதால் உள்ளிறுக்கம் தணிகிறது. காண வரும் மகளும் அன்போடு அதனையே செய்கிறாள். ஆனால் நாள் முழுதும் அவ்வாறு கிடந்த கால் மடங்கிய நிலையிலேயே உறைந்துபோகிறது. பத்துப் பதினைந்து பாகை நீளாமற்போன முழங்காலோடு நிற்பவரின் தொடைத்தசை, நிற்கும் ஒவ்வொரு கணமும் சுமை தூக்குகிறது. அவர் விரைவில் சோர்ந்து அமர்கிறார். பின்னர் எழுவதையே விடுகிறார். தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே கணுக்காலடியில் வைத்தால் முட்டி தன் எடையாலேயே நீள்கிறது. ஆனால் அது சற்று வலிக்கும். ஒரு சாண் இடம் மாறிய தலையணை. ஒன்று இன்றைய சுகம், மற்றொன்று நாளைய நடை.

நடை என்று எளிதாகச் சொன்னோம். அதில் அடங்கியது யாதென எண்ணிப் பாருங்கள். சமநிலத்தில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 60 முதல் 70 பாகை மடங்கவேண்டும். நாற்காலியினின்று எழத் தொண்ணூறும் அதன் மேலும் வேண்டும். இவ்வளவு கிட்டாதவர் கழிப்பறைக்குத் தாமே செல்லார். பிறர் வரும்வரை காத்திருப்பார். காத்திருக்க இயலாது ஆடையை நனைப்பார். அதன் பொருட்டு நீர் அருந்துவதைக் குறைப்பார். பாகைக் கணக்கென நாம் பேசுவது ஒரு மனிதரின் மானத்தின் கணக்கு.

ஆகையால் இன்பமும் நன்மையும் ஒன்றல்ல. துன்பமும் தீமையும் ஒன்றல்ல. விநய நூலில் வரும் ஒரு வரலாற்றை நம்மவர் அறிவர். வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். ஆனந்தரோடு கூடி அவரை நீராட்டித் துடைத்து, தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். இந்நிகழ்ச்சியைப் பலமுறை பேசியிருக்கிறோம். அதனைத் தொடர்ந்து வரும் போதனையையோ போதிய அளவு எண்ணியதில்லை. பிணியாளரைப் பேணத் தக்கவர் யாரென அங்கே ஐந்து தகுதிகள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, பிணியாளர்க்கு நலம் தருவது எது, தராதது எது என அறிந்து, தராததை விலக்கித் தருவதைக் கொணர்தல். இனிப்பது எது, இனியாதது எது என்று அங்கே வகுக்கப்படவில்லை. அளவுகோல் சுகமன்று, நலம். பிணியாளர்க்கும் ஐந்து தகுதிகள் உண்டு. நலமானதைச் செய்தல், அதில் அளவறிதல், தன் நோயின் நிலையை மறையாது கூறல் முதலியன அவை. எனவே பேணுதல் ஒருவர் செய்ய மற்றவர் ஏற்பதன்று. இருவர் கூடிச் செய்யும் தொழில்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "நலம் என்னும் பெயரால் வேண்டாம் என்பவரை வருத்த உனக்கு உரிமை ஏது? கொடுங்கோலர் அனைவரும் பிறர் நலத்தைக் காட்டித்தானே கொடுமை செய்தனர்?" இவ்வாதம் அற்பமானதன்று. நம் நலத்தைத் தாமே அறிந்ததாகக் கூறியோரின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்த மக்கள் நாம். ஆகவே இதற்கு நேர்மையான விடை வேண்டும்.

'வேண்டாம்' என்னும் ஒரு சொல்லுக்குள் பல சொற்கள் உள்ளன. வலியால் வருவது ஒன்று. அதற்கு மருந்து, வைத்தியர் குறித்த வலி மாத்திரையை அசைவிற்கு அரைமணி முன்னரே கொடுத்தலும், சிறுகச் சிறுகத் தொடங்குதலும் ஆகும். அச்சத்தால் வருவது மற்றொன்று. விழுந்தவர் மீண்டும் விழ அஞ்சுகிறார். அருகில் உறுதியாக நின்று, செய்யப்போவதை முன்னரே சொல்லி, "போதும் என்றவுடன் நிறுத்துவேன்" என்று வாக்களித்து, அவ்வாக்கைக் காத்தலே அதற்கு மருந்து. நம்பிக்கை இழந்ததால் வருவது மூன்றாவது. "நடந்து எங்கே போகப் போகிறேன்?" என்பவர்க்குத் தேகப்பயிற்சியினும் முன்னதாக, போவதற்கு ஓர் இடம் தேவை. ஜன்னலருகே ஒரு நாற்காலி, அடுத்த அறையில் ஒரு நண்பர், வாயிலில் ஒரு பூச்செடி ஆகிய எதுவாயினும் போதும். இம்மூன்றும் அல்லாது, தெளிந்த மனத்தோடு கூறும் மறுப்பு நான்காவது. அதனை அன்றைக்கு ஏற்றுக்கொள்ளல் வேண்டும். மறுநாள் மீண்டும் கேட்கவேண்டும். கேட்பதை நிறுத்துவது கைவிடுதல்; கேளாது செய்வது வன்முறை. நினைவு மயங்கிச் சொல்ல இயலாதவரிடத்து முகக்குறிப்பே சொல்லாகும். சுளித்த முகமும் இறுகிய கையும் 'நிறுத்து' என்பதன் எழுத்துகள்.

வலிந்து மடக்குதல் அறத்திற்கு மட்டுமன்று, மருத்துவத்திற்கும் முரணானது. முதியோர் எலும்பு மென்மையுற்றது. பலத்தால் வளைத்தால் முறியும். திசு கிழிந்து வீங்கி முன்னினும் இறுகும். மத்திம மார்க்கம் என்பது பாதி ஓய்வு, பாதி பலவந்தம் என்று பொருள்படாது. அன்றன்று அவ்வுடல் தாங்கும் எல்லையை அறிந்து, அவ்வெல்லைவரை தவறாது செல்லுதலே அது.

மற்றொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. படுத்தவரின் காலை இடைவிடாது தானே மடக்கி நீட்டும் இயந்திரம் ஒன்றுண்டு. 1970களில் கனடா நாட்டின் ராபர்ட் சால்ட்டர் என்னும் வைத்தியரின் ஆராய்ச்சியால் இக்கருத்துப் பரவியது. முழங்கால் மாற்று அறுவைக்குப்பின் இதனைப் பயன்படுத்திய பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து நோக்கிய மதிப்பீடு ஒன்று 2014இல் வெளியாயிற்று. அவ்வியந்திரத்தால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லையென அது முடிவு கூறியது. நோயாளர் தாமே முயன்று அசைக்கும் அசைவே தசையை வளர்க்கிறது, நடையைத் திருப்பித் தருகிறது. தாமே அசைக்க முடியாதவர்க்குப் பிறர் மெல்ல அசைத்தல் தேவையே. ஆயினும் முடிந்தவர்க்கு நாம் அசைத்துவிடுதல் துணையாகாது.

இதிலிருந்து கடினமானதொரு பாடம் பிறக்கிறது. அளவு மீறிய உதவியும் ஒரு களவு. விரைவாக முடியும் என்பதற்காக முதியவர்க்குச் சோறு ஊட்டுகிறோம். அவர் முழங்கையும் விரல்களும் அன்றைய அசைவை இழக்கின்றன. தலை வாரிவிடுகிறோம், தோள் தன் வேலையை இழக்கிறது. சட்டைப் பொத்தானை நாமே மாட்டுகிறோம், விரல் மறக்கிறது. அறுவை நிகழ்ந்தது காலில் என்பதால் கையும் தோளும் இறுகாது என்று எவரும் உறுதி தரவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு அவர் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வதைக் கைகட்டி நின்று பொறுத்தலே சில வேளைகளில் தானங்களுள் அரிய தானம்.

இல்லங்களில் பணிபுரிவோர்க்கும் உறவினர்க்கும் பயன்படும் சில குறிப்புகளை ஈண்டு தருகிறேன். விழித்திருக்கும் பொழுதெல்லாம் மணிக்கு ஒருமுறையேனும் கணுக்காலை மேலும் கீழும் பலமுறை அசைக்கச் சொல்லுங்கள். இரத்த ஓட்டத்திற்கும் பாதம் தொங்கிப்போகாமைக்கும் அது நன்று. போர்வையைக் கால்விரல் மேல் இறுகச் செருகாதீர்கள். அதன் பாரம் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். குதிகாலில் புண் தோன்றுகிறதா என நாள்தோறும் பாருங்கள். உணவைக் கட்டிலுக்குக் கொண்டுசெல்லாது, வைத்தியர் இசைந்தால் நாற்காலிக்கு அவரைக் கொண்டுவாருங்கள். மூன்று வேளை உணவும் மூன்று பயிற்சியாகிவிடும். இடுப்பு மூட்டு மாற்றியவர்க்குச் சில தடைகள் உண்டு. தாழ்ந்த இருக்கையில் அமர்தல், தொண்ணூறு பாகைக்கு மேல் குனிதல், காலைக் குறுக்கே போடுதல் ஆகியவை சில வகை அறுவைகளுக்குப்பின் சில வாரங்கள் ஆகா. தரையிற் சம்மணமிட்டு உண்பதும், குந்தியமர்ந்து மலங்கழிப்பதும் வழக்கமான நம் நாட்டில் இதனை முதல் நாளே கேட்டறிதல் கடமை. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, புண்ணில் சீழ், காய்ச்சல், கால் திடீரெனக் குறுகித் திரும்பிப்போதல் ஆகிய இவற்றுள் எது கண்டாலும் பயிற்சியை நிறுத்தி உடனே டாக்டரை அழையுங்கள்.

இத்தனையும் செய்வது யார்? சத்திர சிகிச்சை செய்தவர் பெயர் பலகையில் உள்ளது. நாள்தோறும் அக்காலைத் தாங்கிப் பிடிப்பவள் பெயர் எங்கும் இல்லை. அப்பணிப்பெண்களில் பலர் எந்தக் குலத்தினின்று வந்தவர்கள் என்பதை நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. யாருடைய தீண்டுதல் தீட்டென ஒதுக்கப்பட்டதோ, அவர்களுடைய கைகளே இன்று எல்லாக் குலத்து முதியோரையும் எழுப்பி நிறுத்துகின்றன. 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது, நல்ல செயலே. ஆயின் அம்முழங்காலை மடங்கச் செய்யும் கைகளுக்குக் கல்வியும், தக்க ஊதியமும், ஓய்வும் வரையறுத்தது எங்கே? ஒருத்தி பன்னிரண்டு மணி நேரத்தில் பலரைக் கவனிக்க வேண்டியிருந்தால், ஊட்டிவிட்டு ஓடுவதன்றி அவளால் வேறென்ன இயலும்? அவளிடம் பொறுமையில்லை என்று குறைகூறுமுன், பொறுமைக்கு வேண்டிய நேரத்தை அவளுக்கு யார் கொடுத்தார் எனக் கேட்டல் வேண்டும். முதியோர் இறுகிப்போவதற்குக் காரணம் பல வேளைகளில் அன்பின்மை அன்று, ஆளின்மை.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோரைப் பேணும் கடமையை 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. சட்டத்தால் பணம் வாங்கித் தர இயலும். நடை வாங்கித் தர இயலாது. ஞாயிறன்று பழக்கூடையோடு சென்று கட்டிலருகே அமர்ந்து திரும்புவோர், அடுத்தமுறை தந்தையின் கைபிடித்துத் தாழ்வாரம்வரை பத்தடி நடந்து பாருங்கள். பழத்தினும் அது அவர்க்கு இனிதாயிருக்கும்.

இறுதியாக ஓர் ஐயம். "உடல் அழிவது உறுதி. எண்பது வயதில் ஒரு முட்டி மடங்கினால் என்ன, மடங்காவிட்டால் என்ன? அநித்தியத்தை உணர்ந்தோர்க்கு இத்தனை கவலை தகுமா?" என்பர் சிலர். அநித்தியம் அலட்சியத்திற்கு விடுமுறைச் சீட்டன்று. எல்லாம் மாறும் என்றால் இறுக்கமும் மாறும். ஆனால் அது மாறக்கூடிய காலமும் மாறிப்போகும். அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் தழும்பு இளகியது. பின்னர் முதிர்ந்து இறுகும். இன்று பத்து நிமிடத்தில் ஆவது, ஆறு திங்கள் கழித்து மற்றோர் அறுவையாலும் ஆகாதுபோகலாம். நிலையாமையை உண்மையில் உணர்ந்தவன் இன்றைய பத்து நிமிடத்தை விடமாட்டான்.

எனினும் ஒன்றைச் சேர்த்தே கூறவேண்டும். எல்லாருக்கும் எதிரே நடை இருப்பதில்லை. சிலர்க்கு எஞ்சியிருப்பவை சில நாட்களே என வைத்தியர் கூறிவிடுகிறார். அந்நாட்களில் முட்டியின் கீழே தலையணையை வையுங்கள். அவர் விரும்பியவாறு கிடக்கட்டும். முன்பு தீமையாயிருந்த அதே தலையணை இப்போது நன்மையாகிறது. பொருள் மாறவில்லை, அவர் முன்னுள்ள வழி மாறிற்று. இவ்வேறுபாட்டை அறிவதே பேணுவோரின் ஞானம்.

ஆகவே, நோகச் செய்வதும் அன்பாகுமா என்னும் வினாவிற்கு இவ்வாறு விடை கூறுவோம். அந்நோவு அவர் நலத்திற்கேயாகி, எவ்வளவு குறைக்க இயலுமோ அவ்வளவு குறைக்கப்பட்டு, அவர் அறிந்து இசைந்து, 'போதும்' என்ற சொல்லுக்கு நாம் கட்டுப்பட்டிருப்போமாயின், அது அன்பே. இந்நான்கில் ஒன்று குறையினும் அது அன்பன்று. நோவே தராதிருக்கவேண்டும் என்று ஒதுங்கி நிற்பதும் எப்போதும் அன்பாகாது. அது பல வேளைகளில் அழுகுரல் கேட்க அஞ்சும் நம் தன்னலமே.

உங்கள் தெருவிலோ அருகிலுள்ள இல்லத்திலோ அறுவை முடிந்து கிடக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். இவ்வாரம் சென்று காணுங்கள். முட்டியின் கீழ் தலையணை இருக்கிறதா எனப் பாருங்கள். எதற்காக இருக்கிறது எனக் கேளுங்கள். பிறகு, அவர் இசைந்தால், கை கொடுங்கள்.